மோக்குமர்: ஒரு பெயரின் வரலாறு

ஆம்ஸ்டர்டாம் நகரத்தாருக்கு டச்சு மொழியில் 'ஆம்ஸ்டர்டாமர்' என்பதே முறையான பெயர். ஆயினும், தம் நகரின்மீது பற்று மிகும்போது அவர்கள் தம்மை 'மோக்குமர்' என்று சொல்லிக்கொள்வதுண்டு. 'மோக்கும்' நகரின் செல்லப்பெயர். அதனோடு ஊராரைக் குறிக்கும் டச்சு விகுதி சேர்ந்து 'மோக்குமர்' ஆயிற்று. நம் பலர்பால் விகுதியைப் போல அது ஒலிப்பது தற்செயலே.

'மோக்கும்' டச்சுச் சொல்லன்று. எபிரேயத்தில் 'மாக்கோம்' என்றால் இடம். அச்சொல் இத்திஷ் மொழியில் திரிந்து, ஊர் என்னும் பொருளையும் பெற்றது. 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்து குடியேறிய யூதர் பேசியது இத்திஷ். அவர்கள் வழக்கில் ஆம்ஸ்டர்டாம் 'மோக்கும் ஆலெஃப்' ஆயிற்று. 'ஆலெஃப்' எபிரேய நெடுங்கணக்கின் முதலெழுத்து. ஆகவே 'முதன்மையான ஊர்' என்று பொருளுரைப்பாரும் உளர். கேட்க இனிய விளக்கந்தான். ஆனால், ரோட்டர்டாமுக்கு 'மோக்கும் ரேஷ்' என்றும் டெல்ஃப்டுக்கு 'மோக்கும் டாலெத்' என்றும் பெயர் வழங்கியதை நோக்க, ஊர்ப்பெயரின் முதலெழுத்தே சுட்டப்பட்டது என்பது தெளிவு. பின்னாளில் ஆம்ஸ்டர்டாமுக்கு மட்டும் அவ்வெழுத்தும் வேண்டாததாயிற்று.

தொழிற்சங்கங்கள் பலவும் அக்காலத்தில் யூதரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே தெருவிற்பனையும் சந்தையும் வைரம் பட்டைதீட்டுதலும் அவர்க்குப் பிழைப்பாயின. சந்தையில் கலந்த மக்களோடு சொற்களும் கலந்தன. நற்பேற்றைக் குறிக்கும் 'மஸல்' அவ்வாறு வந்ததே. வீட்டைக் குறித்த எபிரேயச் சொல், கள்வர் குழூஉக்குறியில் 'பாயெஸ்' ஆகிச் சிறைக்குப் பெயராயிற்று! 19ஆம் நூற்றாண்டில் யூதர் டச்சுக்கு மாறினர்; இச்சொற்களோ டச்சுக்காரர் நாவில் நிலைத்துவிட்டன.

1940இல் ஜெர்மானியப் படை புகுந்தபோது நகரத்தாருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் யூதர். யூதர் பிடித்துச் செல்லப்பட்டதை எதிர்த்து 1941 பிப்ரவரி 25 அன்று நகரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், அது அடக்கப்பட்டது. 1942 ஜூலையில் கொலைமுகாம்களுக்கு இரயில்கள் புறப்படலாயின. நெதர்லாந்தின் யூதருள் நால்வரில் மூவர் மாண்டனர். பெயர் தந்தவர் போயினர். பெயர் பாட்டிலும் பேச்சிலும் நீடித்தது. அதன் பிறப்பை அறியாமலே அதனைச் சூடிக்கொள்வோர் பலர்.

பழைய யூதர் குடியிருப்புப் பகுதியில் 2021 செப்டம்பரில் ஒரு நினைவகம் திறக்கப்பெற்றது. ஒரு செங்கல்லுக்கு ஒரு பெயராக, அங்கே 1,02,000க்கும் மேற்பட்ட பெயர்கள். மேலிருந்து நோக்கின் அதன் சுவர்களுக்கு மேலுள்ள வடிவங்கள் நான்கு எபிரேய எழுத்துகளாய்த் தெரியும். 'நினைவாக' என்பது அவற்றின் பொருள்.