ஈடன் தோட்டத்து பர்மாக் கோயில்

கல்கத்தா என்றதும் கிரிக்கெட் அபிமானிகளுக்கு முதலில் நினைவு வருவது ஈடன் கார்டன்ஸ். அது ஒரு மைதானத்தின் பெயர் என்றே பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கார்டன் என்றால் தோட்டமாயிற்றே, அது எங்கே என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஊரில் பல வருஷம் உத்தியோகம் பார்த்த நானே 2004 ஜனவரியில்தான் முதன்முதலாக அதற்குள் போனேன்.

அதுவும் அத்திம்பேர் தயவால். ஒரு சீமந்தத்துக்காக சென்னையிலிருந்து வந்திருந்தார். எம்.ஜே. கோபாலன் முந்தைய மாதம்தான் காலமாகியிருந்தார். 1934 ஜனவரியில், ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணியோடு ஈடனில் நடந்த முதல் டெஸ்டில் ஆடியவர். அவர் ஆடிய ஒரே டெஸ்ட் அதுதான். ஹாக்கியிலும் சூரர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்ஸை விட்டுவிட்டு கிரிக்கெட் அணியுடன் இங்கிலாந்து போனார்; அங்கே ஒரு டெஸ்டிலும் அவரை ஆடவைக்கவில்லை. திருவல்லிக்கேணிவாசியான அத்திம்பேருக்கு அவர் ஆடிய இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும். போனால், ஸ்டேடியம் பூட்டியிருந்தது. "பக்கத்துலே பார்க் இருக்கே, சித்த உட்கார்ந்துட்டுப் போவோம்" என்றார்.

1836 முதல் 1842 வரை கவர்னர் ஜெனரலாக இருந்த ஆக்லண்ட் பிரபுவின் குடும்பப் பெயர் ஈடன். அவருடைய சகோதரிகள் எமிலியும் ஃபேனியும் கூடவே வந்து இங்கே வசித்தார்கள். ஹூக்ளிக் கரையோரத் தோட்டத்துக்கு அவர்கள் குடும்பப் பெயரே நிலைத்தது. கிரிக்கெட் மைதானம் பிறகு, 1864-இல் வந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

உள்ளே மரங்கள், வளைந்து போகும் பாதைகள், குளம். அந்தக் குளத்தருகே அடுக்கடுக்கான கூரையும் கூர்மையான சிகரமுமாக ஒரு மரக் கட்டடம். அத்திம்பேர் சட்டென்று நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றினார்.

அது பர்மாவில் ப்ரோம் நகரில் இருந்த பகோடா. அந்நகர கவர்னர் மௌங் ஹோனோனின் மனைவி மா கின் 1852-இல் கட்டியது. அதே வருஷம் இரண்டாம் பர்மா யுத்தம். டல்ஹௌஸி பிரபுவின் சேனை ப்ரோமைப் பிடித்தது. 1854-இல் கட்டடத்தைப் பிரித்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, 1856-இல் இங்கே நிறுத்திவிட்டார்கள். ஒரு பெண்மணி பக்தியோடு கட்டியது, ஜயித்தவர்கள் மாலையில் உலாவும் தோட்டத்துக்கு அலங்காரமாயிற்று. அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். "இதையும் அங்கேருந்து பேத்துண்டு வந்துட்டாளா!" என்றார்.

அவர் ரங்கூனில் பிறந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும், வீடு, பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, 1942 ஜனவரியில் கப்பலில் கல்கத்தா வந்த குடும்பம். அப்போது அவருக்கு ஐந்து வயது. கப்பல் கிடைக்காமல் காட்டு வழியாக நடந்தே வந்தவர்களில் எத்தனையோ பேர் ஊர் சேரவில்லை. ரங்கூனைப் பற்றி அவருக்கு நினைவிருந்தது இந்த மாதிரி சிகரம் ஒன்றுதானாம்.

கல்கத்தா வரும் அங்கத்தினர்கள் அரைமணி நேரம் ஒதுக்கி இதைப் பார்க்கலாம். பாபு காட்டிலிருந்து நடக்கும் தூரம்தான்.

திரும்பும்போது அத்திம்பேர் ஆற்றங்கரையில் சற்று நின்றார். "நாங்க வந்து இறங்கினது எந்தப் படித்துறைன்னு அம்மாகிட்டே கேட்டு வச்சுக்கவே இல்லை" என்றார். அக்கா புடவைக்கடைக்குப் போகக் காத்திருந்தாள், டாக்சி பிடித்தோம்.