மண்ணுக்குப் போன வெல்லம்

இயற்கை வேளாண்மையில் வெல்லம் உரமல்ல. தழைச்சத்தோ மணிச்சத்தோ அதில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சாணத்திலும் மண்ணிலும் வாழும் நுண்ணுயிர்களுக்கு உடனே கிடைக்கும் தீனி என்பதற்காகவே அதைக் கரைசல்களில் சேர்க்கிறார்கள். தமிழ்நாட்டுத் தோட்டங்களில் இன்று பரவலாக உள்ள இந்த வழக்கத்தைத் தொன்றுதொட்டு வந்ததாகச் சொல்வதுண்டு. ஆனால் இப்போதைய வடிவில் அது அண்மைக் காலத்தது.

இனிப்பும் புளிப்பேற்றலும் பயிருக்கு உதவும் என்ற அறிவு மட்டும் பழையது. ஏறத்தாழ பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சுரபாலரின் 'விருட்சாயுர்வேதம்' குணபஜலம் என்ற கரைசலை விவரிக்கிறது. விலங்கின் இறைச்சியையும் கொழுப்பையும் வேகவைத்து, பால், நெய், எள்ளுப் பிண்ணாக்கு, உளுந்து ஆகியவற்றோடு பானையில் ஊறவைப்பார்கள். அதில் இனிப்புக்குச் சேர்ந்தது தேன். நூலின் சுவடி ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருந்தது. வேளாண் அறிஞர் ஒய். எல். நேனே அதன் படியைப் பெற, நளினி சாதலே செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1996இல் செகந்திராபாத்தில் வெளியானது.

பஞ்சகவ்யம் கோயிலிலும் சித்த, ஆயுர்வேத மருத்துவத்திலும் நெடுங்காலமாக இருந்த பொருள். அதைப் பயிர் வளர்ச்சி ஊக்கியாக மாற்றி 1990களின் இறுதியில் பரப்பியவர் ஈரோடு மாவட்டம் கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் நடராஜன். சாணம், கோமியம், பால், தயிர், நெய் என்ற ஐந்தோடு கரும்புச்சாறு, இளநீர், கனிந்த வாழைப்பழம் ஆகியவற்றையும் சேர்த்ததே அவர் முறையின் புதுமை. கரும்புச்சாறு கிடைக்காதவர்கள் அரை கிலோ வெல்லத்தை 3 லிட்டர் நீரில் கரைத்து ஊற்றினார்கள். நிழலில் வைத்த வாய் அகன்ற தொட்டியைத் துணியால் மூடி, காலையும் மாலையும் குச்சியால் கிளறிவிட வேண்டும். சில நாளில் நுரை கட்டி, சாண நாற்றம் அடங்கிப் புளித்த வாடை எழும். மூன்று வாரம் கழித்து, 100 லிட்டர் நீருக்கு 3 லிட்டர் என்ற கணக்கில் தெளிப்பார்கள்.

மகாராஷ்டிரத்தின் சுபாஷ் பாலேக்கர் உருவாக்கிய ஜீவாமிர்தம் என்ற கரைசல் பஞ்சகவ்யத்தைவிட எளிது: 200 லிட்டர் நீரில் 10 கிலோ நாட்டுமாட்டுச் சாணம், கோமியம், ஒன்றிரண்டு கிலோ வெல்லம், அதே அளவு பயறுமாவு, வரப்பிலிருந்து ஒரு பிடி மண். பயறுமாவு புரதத்துக்கு, வரப்பு மண் அந்நிலத்து நுண்ணுயிர்களுக்கு. பயறுமாவும் மண்ணும் இன்றி ஒரே நாளில் தயாராகும் அமிர்தக் கரைசலும் தமிழ்நாட்டில் பரவியது. கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் பார்த்த அரசு வேலையை விட்டு வெளியேறிய கோ. நம்மாழ்வார், நடைப்பயணங்களிலும் பயிற்சி முகாம்களிலும் இத்தகைய இடுபொருள்களை உழவர்களிடம் நேரடியாகக் கொண்டுசேர்த்தார். ஜீவாமிர்தத்திலும் அமிர்தக் கரைசலிலும் பால், நெய் என்ற செலவு இல்லாததால் சிறு உழவருக்கு அவை பெரிய துணை.

இந்தக் கரைசல்கள் எல்லாவற்றிலும் வெல்லத்தின் அளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இனிப்பு மிகுந்தால் பெருகும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ள, பயிர் வெளிறும். அமெரிக்காவில் களையை அடக்கவென்றே நிலத்தில் சர்க்கரை இட்டுப் பார்த்த ஆய்வுகளும் இந்த இயல்பை நம்பியவைதான். சாணமும் மட்கும் இல்லாத வெறும் மண்ணில் வெல்லத் தண்ணீரை மட்டும் ஊற்றுவது ஆகவே வீண். வெல்லத்திலும் ஹைட்ரோஸ் என்ற வேதிப்பொருள் போட்டு வெளுக்கவைத்ததை ஒதுக்கி, கறுத்த நாட்டு வெல்லத்தையே உழவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். அதுவும் கிடைக்காத இடத்தில் அழுகத் தொடங்கிய பப்பாளியும் வாழைப்பழமும் தொட்டிக்குள் போகின்றன.