இன்ஜினில் 'கடகட' சத்தமா? டைமிங் செயின் டென்ஷனரைக் கவனிங்க

2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, கேஜிஎஃப் மக்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூருவுக்குத்தான் வேலைக்குப் போய் வருகிறார்கள். ஒரு வழிக்கே சுமார் 100 கி.மீ. ரயிலை விட்டு பைக்கில் கிளம்புபவரா நீங்கள்? இந்தச் சத்தத்தை அலட்சியப்படுத்தாதீங்க.

டென்ஷனரின் வேலை என்ன?
கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. இந்தக் கணக்கைக் காப்பது டைமிங் செயின். ஓட ஓட அது தேய்ந்து நீளும். அந்தத் தொய்வை ஸ்பிரிங் மூலம் அழுத்திப் பிடிப்பதுதான் டென்ஷனர்.

எப்படிக் கண்டுபிடிப்பது?
காலையில் ஸ்டார்ட் செய்ததும், ஐடிலிங்கில், சிலிண்டர் பக்கம் 'கடகட'ன்னு கேட்கும். 'டிக் டிக்' என்றால் வால்வு இடைவெளியாகவும் இருக்கலாம். இரண்டையும் பார்க்கச் சொல்லுங்க.

என்ன செய்யலாம்?
முதலில் ஆயில் அளவு. குறைந்திருந்தால் நிரப்புங்க, பழசானால் மாத்துங்க. அடுத்து டென்ஷனர். புதுசு போட்டும் சத்தம் நிக்கலையா? செயினும் கைடும் தேய்ந்திருக்கலாம்.

எதைச் செய்யக் கூடாது?
ஆட்டோமேட்டிக் டென்ஷனரின் போல்ட்டை லூஸ் செய்து அப்படியே இறுக்காதீங்க. உள்ளிருக்கும் கம்பி முன்னால் வந்துவிடும். அதைப் பின்னுக்குத் தள்ளாமல் இறுக்கினால் செயின் அளவுக்கு மீறி விறைக்கும். டென்ஷனரைக் கழற்றிவிட்டு கிக்கர் அடிக்கவே கூடாது.

தள்ளிப்போட்டால்?
செயின் பல் தாண்டினால், வால்வு பிஸ்டனில் மோதலாம். அப்புறம் செலவு டென்ஷனருக்கு இல்லை, இன்ஜினுக்கு.