தோட்டப் பாடசாலையும் விளையாட்டுக் களமும்

இலங்கையின் கல்லூரி விளையாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கொழும்பிலிருந்தே தொடங்குவர். றோயல் கல்லூரி மாணவரும் சென் தோமஸ் கல்லூரி மாணவரும் 1880 முதல் கிரிக்கெட் களத்தில் சந்தித்து வருகின்றனர். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904இல் தொடங்கிய போட்டி, 'வடக்கின் போர்' என இன்றும் ஊரைத் திரட்டுகிறது. இந்த வரலாற்றில் பூனாகலை எங்கே வருகிறது? பண்டாரவளைக்கும் கொஸ்லந்தைக்கும் இடையே, ஊவா மலைச்சரிவில், தேயிலைக்குள் லயங்களாய்க் கிடக்கும் ஊர் அது. வெகு காலம் அது வரவேயில்லை.

தோட்டத்துப் பிள்ளைக்கு ஓடத் தெரியாததாலா? கொழுந்துக் கூடையோடு மலையேறி இறங்கும் தாயின் பிள்ளை அது! காரணம் காலில் இல்லை, சட்டத்தில் இருந்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டம், 6 முதல் 10 வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், பெரும்பாலும் அவ்வளவே. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் பள்ளிக்குக் கல்லூரிப் போட்டியில் இடம் ஏது? டிம்புலையிலும் திக்கோயாவிலும் துரைமார் 19ஆம் நூற்றாண்டிலேயே விளையாட்டுக் கழகம் கண்டுவிட்டனர். அந்த மைதானங்களைச் சமன்செய்த மண்வெட்டி யார் கையில் இருந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1945இல் இலவசக் கல்வி வந்தது; தோட்டம் புறத்தே நின்றது. 1960-61இல் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றது; அப்போதும் தோட்டம் புறத்தேதான். இடையில் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. நாடே இல்லாதவன் எந்த நாட்டின் சட்டையை அணிந்து ஓடுவான்?

முத்தையா முரளிதரனை உதாரணம் காட்டுவோர் உண்டு. தோட்ட வேலைக்கு வந்தவரின் பேரன் டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தி 2010இல் ஓய்வு பெற்றது நமக்கும் பெருமையே. ஆனால், அவர் பந்துவீசப் பழகியது கண்டியின் சென் அந்தனீஸ் கல்லூரியில்; லயத்துப் பள்ளியில் அன்று.

1970களில் தோட்டங்கள் தேசியமயமாகி, 1977க்குப் பின் படிப்படியாக அவற்றின் பாடசாலைகளும் அரசின் கைக்கு வந்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. இல்ல விளையாட்டுப் போட்டி, வலயம், மாகாணம், தேசியம் என்னும் ஏணியில் தோட்டத்து மாணவனும் கால்வைக்க முடிந்தது. உரிமை ஏட்டில் கிடைத்துவிட்டது, மட்டமான நிலம்? மலையகத்தில் மட்டமான துண்டு அரிது. இருப்பதும் தோட்டத்தின் பொறுப்பில். 1992இல் அந்த நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் போயிற்று. ஆகவே ஓடுபாதை கேட்கும் அதிபர், முதலில் நிலம் கேட்க வேண்டியவராகிறார்.

நிலத்தின் கதை அதோடு முடியவில்லை. 2014 அக்டோபர் 29ஆம் நாள் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கியது. உயிர் தப்பியவர்களுக்குப் பாதுகாப்பான இடம் தேடியபோது, பூனாகலையிலும் கொஸ்லந்தையிலும் திறந்துவிடப்பட்டவை பாடசாலைகளே.