பெரிய முட்டை, லேட்டா கிடைச்ச கதை

மனுஷ உடம்புலேயே பெரிய செல் எதுன்னு நினைக்கிறீங்க? பெண்ணோட கருமுட்டைதான். ஒரு மில்லிமீட்டர்ல சுமார் பத்துல ஒரு பங்கு, வெறுங்கண்ணுக்கே சின்னப் புள்ளியா தெரியும். விந்தணு அப்படித் தெரியாது. ஆனா முதல்ல சிக்கினது விந்தணுதான்!

1672-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஊர் மருத்துவர் டி கிராஃப், பெண்ணின் சூலகத்தில் முட்டை இருக்கு என்று எழுதினார். அவர் பார்த்தது முட்டையைப் பொதிந்திருக்கும் நீர்ப்பையை. 1677-ல் அதே ஊர் துணி வியாபாரி லேவன்ஹூக், தானே செஞ்ச நுண்ணோக்கியில் விந்தணு நீந்துறதைப் பார்த்துட்டார். உடனே லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம்.

அப்புறம் ஆரம்பிச்சது சண்டை. உயிர் முழுசா விந்தணுவுக்குள்ளதான், பெண் வெறும் நிலம்னு ஒரு கோஷ்டி. முட்டைதான் எல்லாம்னு எதிர்க்கோஷ்டி. 1694-ல் ஹார்ட்சூக்கர், விந்தணுத் தலைக்குள்ள குட்டி மனுஷன் குந்தியிருக்கிற மாதிரி படமே போட்டார் :-)

சரியா 150 வருஷம் கழிச்சு, 1827-ல்தான் ஃபான் பேயர் ஒரு நாயின் சூலகத்தில் நிஜ முட்டையைக் கண்டார். 1876-ல் ஹெர்ட்விக், கடல் அர்ச்சின் முட்டைக்குள்ள ரெண்டு உட்கருவும் ஒண்ணாகிறதை எழுதினார். ஆக ரெண்டு கோஷ்டியும் அவுட்.

முட்டை உள்ளே ஒளிஞ்சிருந்துச்சு, வாஸ்தவம். அதுக்காக, கண்ணுல படாததை இல்லேன்னே சொல்லிடறதா? 'விதை எங்களது, நிலம்தான் அவளோடது'ன்னு இன்னிக்கும் பேசுற பெரிசுகளுக்கு 1876-ஐ யாராவது சொல்லுங்கப்பா!