திப்பியில் எஞ்சிய செல்வம்



விருந்து நாளில் நம் வீட்டுப் பாயசத்தில் முத்து முத்தாய் மிதக்கும் ஜவ்வரிசியை அறியாதவர் உங்களுள் எவரும் இரார். அம்முத்து உருவாகும்போது ஒதுக்கப்படுகின்ற பொருள்களின் வரலாற்றை இன்று சொல்ல விழைகின்றேன். வரலாறு என்றால் அரசரும் போரும் மட்டுமே என்று எண்ண வேண்டா. ஆலையின் பின்புறச் சுவருக்கு அப்பாலும் வரலாறு உண்டு.

முன்னாளில் ஜவ்வரிசி கடல் கடந்து வந்த பண்டமாகும். மலேயாவிலிருந்தும் சாவகத் தீவிலிருந்தும் அது கப்பலேறி வந்தது. 1942-ஆம் ஆண்டில் சிங்கப்பூரும் சாவகமும் ஜப்பானியர் வசமாயின, வரத்து நின்றது. ஆனால் அதற்குரிய மூலப்பொருள் நம் அருகிலேயே இருந்தது. தென்னமெரிக்காவில் தோன்றிய மரவள்ளி, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னரின் ஊக்கத்தால் அந்நாட்டில் ஏழையர் உணவாக வேரூன்றியிருந்தது. சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் கேரளத்தில் அக்கிழங்கு மாவைக் கண்டு, அதனை வாணிகம் செய்யத் தொடங்கினார். பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா ஜவ்வரிசி செய்யும் முறையை அறிந்திருந்தார். இருவரும் கூடி, 1943-ஆம் ஆண்டளவில் எளிய கருவிகளைக் கொண்டு சேலத்தில் இத்தொழிலுக்கு வித்திட்டனர்.

மறு ஆண்டே சோதனை வந்தது. பஞ்ச காலத்தில் உண்ணும் கிழங்கை ஆலைக்கு அளிப்பது முறையன்று எனக் கருதி மாவட்ட ஆட்சியர் கட்டுப்பாடு விதித்தார். உற்பத்தியாளர் சங்கம் அமைத்து, மேலிடத்தில் முறையிட்டு, அதனை நீக்கிக்கொண்டனர். பின்னர்த் தொழில் பெருகிற்று. 1981-இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கமும் தோன்றிற்று.

ஆலையினுள் நிகழ்வது இது. கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி, அரைத்து, நீர் விட்டுச் சலிப்பர். மாவுப்பால் இறங்கும், நார் மேலே நிற்கும். அந்நாரைத் திப்பி என்பர். மாவுப்பாலைத் தொட்டியில் தேக்கினால் மாவு அடியில் படியும், மேல்நீர் வெளியேறும். ஆகவே கழிவுகள் மூன்று: தோல், திப்பி, நீர்.

இந்நீரைப் பற்றி நான் மறவாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆத்தூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் நான் பணியாற்றியபோது, மாணவன் ஒருவன் தன் கிணற்றோரத்து வாய்க்கால் நீரைப் புட்டியில் கொண்டுவந்தான். நீல லிட்மஸ் தாளை நனைத்தோம், சிவந்தது. நாற்றத்தால் வகுப்பே மூக்கைப் பொத்திற்று. "கிணற்று நீரும் கெட்டுவிட்டது, ஐயா" என்றான். "ஆலையை மூடினால் சரியாகுமா?" என்று கேட்டேன். "மூடினால் எங்கள் கிழங்கை யார் வாங்குவார்கள், ஐயா?" என்றான். என்னிடம் விடை இல்லை. காற்றில்லா இடத்தில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்தியவன் நான். அப்பாடம் அந்த வாய்க்காலிலேயே கிடந்ததை அன்றுவரை நான் காணவில்லை.

விடை இதுதான். அந்நீரில் கரைந்துள்ள மாவும் சர்க்கரையும் திறந்த குட்டையில் அழுகினால் நாற்றம் எழும். மீத்தேன் வீணே வானில் கலக்கும். மூடிய கலத்தில் அதே நீரைத் தேக்கினால் அவ்வாயு கைக்கு வரும். அதனைக் கொண்டு ஆலையின் அடுப்பை எரிக்கலாம், மின்னாக்கியையும் இயக்கலாம். இவ்வழியை மேற்கொண்ட ஆலைகள் சேலம் வட்டாரத்தில் உண்டு. வாயு எடுத்த பின்னரும் நீரை மேலும் தூய்மை செய்தே வயலுக்கு விடவேண்டும் என்பதை மறக்கலாகாது.

திப்பியும் எளிய பொருளன்று. உலர்ந்த திப்பியின் எடையில் பாதிக்கும் மேற்பட்டது மாவுச்சத்தே. களத்தில் காயவைத்து அதனை மாட்டுத் தீவனத்திலும் கோழித் தீவனத்திலும் நெடுநாளாகச் சேர்த்து வருகின்றனர். அம்மாவைச் சர்க்கரையாக்கி, நொதிக்கவைத்து, எரிசாராயம் வடிக்கலாம். திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963-இல் நிறுவப்பெற்ற மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் ஆய்வுகள் நிகழ்த்தியுள்ளது. தோலில் சயனைடு தரும் பொருள் மிகுதி. அதனைப் பச்சையாகக் கால்நடைக்கு இடுதல் தீங்கு. மக்கவைத்தால் அதுவும் எருவாகும்.

கப்பல் நின்ற நாளில், கையருகே இருந்த கிழங்கின் பயனைக் கண்டு பிறந்தது இத்தொழில். 1944-இல் எழுந்த கேள்வி உணவு வீணாகலாமா என்பது. அக்கேள்வி இன்றும் திப்பிக் களத்திலும் வாய்க்காலிலும் காத்து நிற்கின்றது. அடுத்த முறை ஓர் ஆலையைக் காணச் சென்றால், ஜவ்வரிசி வறுபடும் தட்டோடு நின்றுவிடாதீர்கள். பின்புறம் சென்று, "இந்த நீர் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். என் மாணவனுக்கு நான் அன்று சொல்லத் தவறிய விடையை உங்களுள் ஒருவர் செய்து காட்டுவீர்களாக.