ஆயில் ஃபில்டருக்கும் வயசாகும்

செட்டிநாட்டுப் பக்கம் மோட்டார் வண்டிக்கு முதல் எதிரி செம்மண் புழுதிதாங்க. நம்ம ஊர்களுக்கு வண்டி வந்த புதுசுல எஞ்சினில் ஆயில் ஃபில்டர்னு ஒண்ணே கிடையாது. டி.வி.சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொழில் தொடங்கியது 1911-ல். அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் 'பியூரோலேட்டர்' ஃபில்டரைக் கொண்டு வந்ததோ 1923-ல். அதுவரைக்கும் கம்பி வலைதான் கதி. பெரிய துணுக்கு மாட்டும், நைஸான பொடி ஆயிலோடயே சுத்தும். அடிக்கடி ஆயிலை மாத்துறதைத் தவிர வேற வழியில்ல.

1924-ல் கிறைஸ்லர் காரில் ஃபில்டரோடவே வண்டி வந்தது. ஆனா ஆயிலில் ஒரு பங்குதான் அது வழியா போச்சு. மொத்த ஆயிலும் வடிகட்டப்படும் முறை பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

சரி, ஃபில்டர் பழசானா என்ன ஆகும்? 'சரியா வடிகட்டாது'ன்னுதான் பலரும் சொல்லுவாங்க. நிஜம் நேர்மாறு! காபி ஃபில்டரை நினைச்சுப் பாருங்க. தூள் இறுக இறுக டிகாக்‌ஷன் மெதுவா இறங்கும். அதே மாதிரி, அழுக்கு சேரச் சேர ஃபில்டர் தாளின் துளைகள் சுருங்கி, இன்னும் நைஸான பொடியையும் பிடிக்கும். சிக்கல் அதுக்கப்புறம்தான். ஆயில் போக வழியில்லாம அழுத்தம் ஏறினா, பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத ஆயிலை நேரா பேரிங்குக்கு அனுப்பிடும். ஆயிலே இல்லாம ஓடுறதுக்கு அழுக்கு ஆயில் மேல் என்பது வடிவமைச்சவங்க கணக்கு.

இன்னொரு வயசு, காலண்டர் வயசு. நம்ம பக்கத்துப் பெரிய வீடுகளில் பல, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான் திறக்குது. கொட்டகையில் நிக்கிற காரும் அப்பதான் கிளம்பும். "ஓடவே இல்லையே, ஃபில்டரை எதுக்கு மாத்தணும்?"னு கேப்பாங்க. பல ஃபில்டர்களில் ஆயில் திரும்ப வடியாம தடுக்க ஒரு ரப்பர் வால்வு உண்டு. சும்மா நின்னாலும் வருஷக்கணக்கில் அது விறைச்சுப் போகும். ஆயில் கீழே இறங்கிடும். சாவியைத் திருப்பினதும் முதல் சில விநாடி பேரிங்குக்கு ஆயில் எட்டாது. கேக்குற 'தடதட' சத்தம் அந்தத் தேய்மானத்தோட சத்தம்தான்.

ஃபில்டர் விலை சில நூறு ரூபாய். எஞ்சின் பிரிச்சு வேலை பார்க்க ஆகும் செலவை மெக்கானிக் கிட்ட கேட்டுப் பாருங்க. வண்டி ஓடினாலும் ஓடாட்டியும் வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலோட ஃபில்டரையும் மாத்திடுங்க மக்களே :-)